அளந்ததும் எழுதியதும்

ஒவ்வோர் ஆண்டும் மூன்றாம் வருட மாணவர்க்குப் பதார்த்தங்களின் முறிவு பற்றி விரிவுரையாற்றும்போது ஒரு நிழற்படத்தைத் திரையிற் காட்டுவது என் வழக்கம். குடியிருப்பு வீதியொன்றின் நடுவே, கருகிய தார்ப்பரப்பின்மேல், 28 அடி நீளமான உருக்குக் குழாய்த்துண்டு ஒன்று கிடக்கின்றது. அதன் ஒரு பக்கம் நீளவாக்கிற் பிளந்திருக்கின்றது. அது புதைக்கப்பட்டிருந்த இடம் அங்கிருந்து ஏறத்தாழ 100 அடி தூரம். 3,000 இறாத்தல் நிறையுடைய அத்துண்டு அத்தூரத்தைப் பறந்து கடந்தது. படத்தின் கீழே இரண்டு ஆண்டுகளை எழுதியிருப்பேன்: புதைத்தது 1956, வெடித்தது 2010.

கடந்த தவணையில் பின்வரிசையிலிருந்த மாணவியொருவர் எழுந்து, “சேர், ஐம்பத்துநாலு வருஷம் ஒரு பிழையுமில்லாமல் வேலை செய்திருக்குது. அப்ப அது நல்ல குழாய்தானே?” என்று கேட்டார். வகுப்பிற் சிலர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கேள்வி பேதைமையானதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்டமே நாற்பதாண்டு காலம் அதே நியாயத்தின்மீதுதான் நின்றது. அன்று நேரம் முடிந்துவிட்டமையால் அரைகுறையாகவே விடையளித்தேன். சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மாணவர் வந்தபோது அவ்விடையை முழுமையாக எழுதிவிடலாமென்று எண்ணினேன். எழுதத் தொடங்கிய பின்னரே, இதுவரை எவ்வகுப்பிலும் நான் சொல்லாத ஒரு விடயத்தையும் சேர்த்துச் சொல்ல நேரும் என்பது விளங்கிற்று. அதைக் கடைசியிற் சொல்கிறேன்.

சான் புருனோ என்பது கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தை அடுத்துள்ள ஊர். 2010 செப்டெம்பர் 9ஆந் திகதி மாலை ஆறு மணி கடந்து சில நிமிடங்களில் அவ்வூர்க் குடியிருப்பொன்றின் நடுவே பெருந்தீ எழுந்தது. விமானமொன்று வீழ்ந்துவிட்டதென்றே முதலிற் பலரும் கருதினர். உண்மையில் வெடித்தது, பசிபிக் காஸ் அன்ட் எலெக்ட்ரிக் என்னும் கம்பனிக்குரிய, 30 அங்குல விட்டமுள்ள இயற்கை வாயுக் குழாய். வீதியில் 72 அடி நீளமும் 26 அடி அகலமும் கொண்ட குழியொன்று உண்டாயிற்று. எண்மர் இறந்தனர், 38 வீடுகள் அழிந்தன. வாயுவின் வரத்தை நிறுத்துவதற்கு 95 நிமிடங்கள் சென்றன. தூரத்திலிருந்தே மூடத்தக்க வால்வுகள் அவ்விடத்தில் இல்லாமையால், ஊழியர் வாகனத்திற் சென்று கையால் மூடவேண்டியிருந்தது. அத்தனை நேரமும் வாயு எரிந்துகொண்டே இருந்தது.

அன்று அக்குழாயில் அமுக்கம் சற்று ஏறியிருந்தது உண்மையே. பல மைல்களுக்கு அப்பாலுள்ள நிலையமொன்றில் மின்னிணைப்பு வேலை நடந்தபோது அமுக்கத்தை ஆளும் வால்வுகள் தாமாகத் திறந்துகொண்டன. எனினும் குழாய் வெடித்த வேளையில் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 386 இறாத்தல் மட்டுமே. அனுமதிக்கப்பட்ட உச்சமோ 400. எமது மாணவர் முதலாம் வருடத்திலேயே பயிலும் சூத்திரத்தைக்கொண்டு கணக்கிட்டாற் போதும்: 30 அங்குல விட்டமும் அங்குலத்தின் எட்டில் மூன்று தடிப்புமுள்ள சுவரில் அவ்வமுக்கம் உண்டாக்கும் வளையத் தகைப்பு ஏறத்தாழ 15,400 இறாத்தல். ஆவணத்திற் குறித்த உருக்கு நிரந்தரமாக நீளத் தொடங்குவதற்கு வேண்டிய தகைப்பு 42,000. அதாவது, குழாய் தன் வலிமையில் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேலாகவே பயன்பட்டிருந்தது. நல்ல குழாய்க்கு இது ஒரு சுமையன்று. அப்படியாயின் அது ஏன் வெடித்தது என்பதே வினா.

இதற்கு விடை காணுமுன், இத்துறையின் இயல்பை ஓரளவு விளக்குதல் வேண்டும். பாலத்தின் துருவைப் போகிறவர் வருகிறவர் எல்லோரும் காண்பர். மண்ணுக்கடியிற் கிடக்கும் குழாயை அதற்கு உரியவர்கூடக் காண்பதில்லை. எமது தலைநகரிலேயே துறைமுகத்திலிருந்து கொலன்னாவை எண்ணெய்க் குதங்களுக்குக் குழாய்வழியே எண்ணெய் செல்கின்றது. அவ்வழியே நடப்போரில் எத்தனைபேர் அதை நினைக்கின்றனர்? காணாமலே அறிவது எப்படி என்ற ஒரே வினாவைச் சுற்றித்தான் குழாய்ப் பொறியியலின் வரலாறு முழுவதும் நடந்துவந்திருக்கின்றது.

முதற்பகை துரு. இதற்கான மருந்து குழாயில் அன்று, கப்பலிலேதான் முதலிற் பரிசோதிக்கப்பட்டது என்பது சுவையான செய்தி. பிரித்தானியக் கடற்படை தன் மரக்கப்பல்களின் அடிப்புறத்தைச் செப்புத் தகட்டினாற் போர்த்தியிருந்தது. கடல்நீர் அச்செம்பை அரித்தது. 1824இல் ஹம்ப்ரி டேவி அச்செம்புடன் நாகத்தையோ இரும்பையோ சிறிதளவு தொடுத்துவிட்டால், அவை கரைந்து செம்பைக் காக்கும் என்று காட்டினார். செம்பு கரையாது நின்றது. டேவியின் விஞ்ஞானம் வென்றது. ஆனால், கரையும் செம்பின் நஞ்சே அதுவரை பாசியையும் கடற்சிப்பிகளையும் அண்டவிடாது வைத்திருந்தது. காப்பாற்றப்பட்ட செம்பின்மேல் அவை தாராளமாகக் குடியேறின. கப்பல்களின் வேகம் குறைந்தது. கடற்படை அம்முறையைக் கைவிட்டது. ஒரு நோயைத் தீர்த்தவர் மற்றொரு நோய்க்கு வழிதிறந்த கதைகளுள் இதைவிடச் சிறந்ததை நான் அறியேன்.

மண்ணுக்குள் சிப்பிகள் இல்லை. ஆகவே ஒரு நூற்றாண்டு கழித்து டேவியின் கருத்து குழாய்களிடம் வந்து புதுவாழ்வு பெற்றது. ஈரமண்ணிற் கிடக்கும் உருக்கின் சில புள்ளிகள் இலத்திரன்களை இழந்து கரைகின்றன. வெளியிலிருந்து நேரோட்ட மின்னைச் செலுத்தியோ, நாகம், மக்னீசியம் முதலிய உலோகங்களைத் தொடுத்துப் பலிகொடுத்தோ குழாய் முழுவதையும் கதோட்டாக்கிவிட்டால் அது கரையாது. எவ்வளவு மின் போதுமானது? 1928இல் நியூ ஓர்லியன்ஸ் நகரின் வாயுக் குழாயொன்றில் இதனை ஆராய்ந்த ரொபேட் கூன் என்பவர், செம்பு–செப்புச் சல்பேற்று மின்வாயோடு ஒப்பிடுகையில் −0.85 வோல்ற்று என்று வகுத்தார். அவ்வெண் இன்றும் நிலைத்துநிற்கின்றது. குழாய்க்கு நேர்மேலே மண்ணில் மின்வாயைக் குத்திக்குத்தி நடந்து செல்லும் ஊழியர், காலடியிற் கிடக்கும் உருக்கின் நிலையை அவ்வெண்ணின் மூலமே அறிகின்றார்.

மின்னோட்டம் மட்டும் போதாது. குழாயின் மேல் தாரோ, பிசினோ, பொலித்தீன் நாடாவோ பூச்சாக இடப்படும். பூச்சு பெரும்பகுதியைக் காக்கும். பூச்சிலுள்ள ஓட்டைகளை மின் காக்கும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று துணை என்றே நூல்கள் கூறும். ஆனால் பூச்சு உடையாமலே குழாயைவிட்டு விலகிக்கொண்டால்? அவ்விடுக்கினுள் நீர் புகும், மின்னோட்டம் புகமாட்டாது. மேலே நடந்து செல்பவரின் கருவியோ நலமே என்று காட்டும். பூச்சே மருந்தைத் தடுக்கும் திரையாகிவிடுகின்றது.

இது கற்பனையன்று. சான் புருனோ வெடிப்பதற்கு ஆறு வாரங்களுக்கு முன், 2010 யூலை 25ஆந் திகதி, மிச்சிகன் மாநிலத்தில் மார்ஷல் என்ற ஊரின் அருகே என்பிரிட்ஜ் கம்பனியின் மசகெண்ணெய்க் குழாய் கிழிந்தது. 1969இற் பதித்த குழாய் அது. பொலித்தீன் நாடா நீளவாக்கிலுள்ள ஒட்டின் ஓரத்தில் கூடாரம்போற் கிளம்பி நின்று, உள்ளே ஈரத்தைத் தேக்கி வைத்திருந்தது. அரிப்பும் அமுக்கத்தின் ஏற்றவிறக்கமும் சேர்ந்து, அங்கே நுண்பிளவுகள் வளர்ந்து ஒன்றோடொன்று கலந்தன. கிழிவின் நீளம் ஆறடிக்கும் மேல்.

இங்கே ‘பன்றி’யைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். குழாயினுள் எண்ணெயோடு எண்ணெயாகத் தள்ளப்பட்டுச் செல்லும் கருவிக்குப் பொறியியலாளர் இட்ட பெயர் அது. அழுக்கைச் சுரண்டும் பழைய கருவிகள் குழாயினுள் உரசிச் செல்கையில் பன்றி அலறுவதுபோல் ஓசையெழுந்தமையால் அப்பெயர் வந்தது என்பர். பெயர்க்காரணங்கள் பலவற்றைப்போல இதையும் அரைமனத்தோடுதான் நம்பவேண்டும். 1960களில் இப்பன்றிக்கு அறிவும் வந்தது. வலிய காந்தங்களைச் சுமந்து செல்லும் கருவி குழாய்ச்சுவரைக் காந்தப்பாயத்தால் நிரப்புகின்றது. சுவர் தேய்ந்த இடத்திற் பாயம் வெளியே கசிகின்றது. உணரிகள் அதைக் குறித்துக்கொள்கின்றன. தேய்வை இது நன்கு காணும். ஆனால் குழாயின் நீளவாக்கில் அமைந்த ஒடுங்கிய பிளவு காந்தப்பாயத்துக்குச் சமாந்தரமாகக் கிடப்பதால், அதனைப் பெரும்பாலும் தவறவிடும். பிளவைத் தேடுவதற்குக் கழியொலிப் பன்றி வேண்டும். ஒவ்வொரு பன்றிக்கும் ஒரு கண்தான் உண்டு. அக்கண்ணுக்கு ஒரு குருட்டுக்கோணமும் உண்டு.

மார்ஷல் குழாயினுள் 2005இற் பிளவு தேடும் பன்றியே சென்றது. பின்னாற் கிழிந்த அதே குழாய்த்துண்டில் ஆறு குறைகளை அது கண்டும் சொன்னது. கம்பனியின் பொறியியலாளர் அவற்றின் அளவைத் தம் கணக்கிலிட்டு, தோண்டிப் பார்க்கவேண்டிய எல்லைக்குள் அவை வரவில்லையென்று முடிவு செய்தனர். கருவி கண்டது, கணக்கு விட்டுவிட்டது.

அதற்குப்பின் நடந்ததுதான் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. குழாய் கிழிந்தவுடன், ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் கனடாவின் எட்மன்டன் நகரிலிருந்த கட்டுப்பாட்டறையில் அபாய அறிவிப்புகள் ஒலித்தன. குழாயை ஓட்டுவோர் அவற்றை நம்பினர். ஆனால் வேறு பொருளில் நம்பினர். எண்ணெய் நிரல் அறுபட்டு, குழாயினுள் எங்கோ வெற்றிடம் உண்டாகிவிட்டது, மேலும் எண்ணெயைத் தள்ளினால் நிரம்பிவிடும் என்று அவர்கள் கொண்டனர். ஆகவே கிழிந்த குழாயினுள் இருமுறை மீண்டும் பம்புகளை இயக்கினர். வெளியேறிய எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கு அவ்விரு முறைகளிலேயே வெளியேறிற்று. 17 மணித்தியாலங்களுக்குப் பின்னர் அவர்களுக்கு உண்மையைச் சொன்னது அவர்களுடைய கருவி எதுவுமன்று. அவ்வழியே சென்ற வேறொரு வாயுக் கம்பனியின் ஊழியர் தொலைபேசியில், ஓடையில் எண்ணெய் கிடக்கின்றது என்றார். ஏறத்தாழ 32 இலட்சம் லீற்றர் எண்ணெய் கலமசூ ஆற்றைச் சேர்ந்திருந்தது. அது ஐதாக்கப்பட்ட கன எண்ணெய். அதிலுள்ள பாரமான பகுதி மிதவாது ஆற்றடியில் தங்கிவிட்டமையால் துப்புரவு வேலை பல ஆண்டுகள் நீண்டது.

அவ்வறையிலிருந்தோர் அறிவிலிகளல்லர், பயிற்சி பெற்றவர்கள். அபாய அறிவிப்பு எழுந்தபோது அவர்கள் முன் இரு விளக்கங்கள் இருந்தன. ஒன்று வழக்கமானது, வேலையைத் தொடரவிடுவது. மற்றையது அரியது, எல்லாவற்றையும் நிறுத்தச் செய்வது. மனம் முதலாவதையே நாடிற்று. நானாயின் வேறுவிதமாகச் செய்திருப்பேன் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஏன் இல்லையென்பதைப் பின்னர் சொல்கிறேன்.

வாஷிங்டன் மாநிலத்தின் பெலிங்ஹாம் நகரைப் பற்றி இரண்டொரு வாக்கியங்கள் போதும். அங்கு 1994இல் நீர் நிலைய வேலையின்போது தோண்டும் இயந்திரம் பெற்றோற் குழாயொன்றைக் காயப்படுத்திற்று. பின்னர் வந்த பன்றிகள் அவ்விடத்திற் குறையுண்டு என்று குறித்தன. எவரும் அவ்விடத்தைத் தோண்டிப் பார்க்கவில்லை. 1999 யூன் 10ஆந் திகதி, கட்டுப்பாட்டுக் கணனி மந்தமாகி, அமுக்கம் ஏறிய வேளையில், அக்காயத்திலே குழாய் உடைந்தது. ஓடைவழியே பாய்ந்த பெற்றோல் தீப்பற்றியதில் பத்து வயதுச் சிறுவர் இருவரும், அங்கே மீன்பிடித்துக்கொண்டிருந்த பதினெட்டு வயது இளைஞர் ஒருவரும் இறந்தனர்.

இனி, அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். 54 ஆண்டுகள் தாங்கிற்றே, நல்ல குழாய்தானே?

குழாயொன்று நல்லதா என்று அறிவதற்குப் பன்றியினும் பழைய, பன்றியினும் முரட்டுத்தனமான சோதனையொன்று உண்டு. குழாயை நீரால் நிரப்பி, வேலை செய்யும் அமுக்கத்தைவிடக் கால் பங்கோ அரைப்பங்கோ கூடிய அமுக்கத்துக்கு ஏற்றிச் சில மணிநேரம் பிடித்துவைப்பதே அது. வெடிக்கவேண்டிய குறை அங்கேயே வெடிக்கும். வாயுவைப்போல நீர் ஒடுங்குவதில்லை; ஆதலால் அதனுள்ளே சேர்ந்திருக்கும் சக்தி சொற்பம்; வீதி நனையும், அவ்வளவே. சோதனையிற் தப்பிய குழாயில் எஞ்சியிருக்கும் குறை குறித்த ஓர் அளவிலும் சிறியது என்று துணிந்து கூறலாம். எவ்வளவு சிறியது, வளர எவ்வளவு காலமெடுக்கும் என்பதையும் ஓரளவு கணிக்கலாம். ஆகவே இச்சோதனைக்குக் காலவெல்லை உண்டு. ஒருமுறை செய்துவிட்டு என்றைக்குமாக நிம்மதியடைய முடியாது.

அமெரிக்காவில் 1965இல் லூசியானா மாநிலத்து நச்சிடோஷ் என்ற ஊரருகே வாயுக்குழாய் வெடித்துப் பதினெழுவர் இறந்தனர். 1968இற் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1970இல் விதிகள் நடைமுறைக்கு வந்தன. புதிய குழாய்கள் இவ்வாறு சோதிக்கப்படவேண்டும் என்று அவை விதித்தன. முன்னரே மண்ணிற் கிடந்தவற்றை என்செய்வது? இலட்சக்கணக்கான மைல்களைத் தோண்டிச் சோதிப்பதெப்படி? ஆகவே 1970 யூலைக்கு முந்திய ஐந்தாண்டுகளில் அவை எவ்வமுக்கத்தை உச்சமாகத் தாங்கினவோ அவ்வமுக்கத்திலே தொடர்ந்து இயங்கலாம் என்று விடப்பட்டது. இதுவரை தாங்கிற்று, ஆகவே இனியும் தாங்கும். மாணவி கேட்டதும் இதையே.

பூகம்பத்தையோ சுமையையோ ஒருமுறை தாங்கிய சுவருக்கு இந்நியாயம் ஓரளவு பொருந்தலாம். நாள்தோறும் அமுக்கம் ஏறியிறங்கும் குழாய்க்குப் பொருந்தாது. ஒவ்வோர் ஏற்றமும் பிளவின் நுனியை மயிரிழையிலும் குறைந்த அளவு முன்தள்ளுகின்றது. உலோகமும் களைக்கும். 54 ஆண்டுகள் வேலை செய்தமை குழாய் நல்லதென்பதற்குச் சான்றன்று. அந்த 54 ஆண்டுகளுமே பிளவு வளர்ந்த காலம்.

சான் புருனோவில் வளர்ந்த பிளவு எங்கே தொடங்கிற்று? விசாரணையாளர் குழாய்த்துண்டை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுசென்று அறுத்துப் பார்த்தபோது ஒருவருமே எதிர்பாராதவொன்றைக் கண்டனர். அது ஒரு முழுக்குழாயன்று. சிறு துண்டுகள் ஆறை வரிசையாகப் பொருத்தி உண்டாக்கியது. அவற்றுட் சிலவற்றின் நீளவாக்கான ஒட்டு வெளிப்புறம் மட்டுமே வெல்டிங் செய்யப்பட்டு, உட்புறம் வெறுமனே விடப்பட்டிருந்தது. உருகிய உலோகம் சுவரின் பாதித்தடிப்பு வரையிலேயே சென்றிருந்தது. எஞ்சிய பாதி, பிறந்த நாளிலிருந்தே பிளவுதான். அத்துண்டுகளை எவ்வாலை செய்தது என்பதை விசாரணையாளராலும் கண்டறிய இயலவில்லை.

கம்பனியின் பதிவுகளில் அக்குழாயைப் பற்றி என்ன எழுதியிருந்தது? ‘ஒட்டில்லாத குழாய்’ என்று எழுதியிருந்தது. கணக்குப் பகுதியின் பழைய பதிவொன்றிலிருந்து வரைபடத்துக்கும், வரைபடத்திலிருந்து கணனிக்கும் அச்சொல் பெயர்ந்து வந்திருந்தது. 30 அங்குல விட்டத்தில் ஒட்டில்லாத குழாயை அக்காலத்தில் தகுதி பெற்ற எந்த அமெரிக்க ஆலையும் செய்யவில்லை. அதாவது, அப்படியொரு பொருளே சந்தையில் இருக்கவில்லை. இதைத் துறையறிந்த எவரும் ஒரு நிமிடம் நின்று சிந்தித்திருந்தாற் கண்டிருப்பர். ஒருவரும் நிற்கவில்லை.

அச்சொல்லின் விளைவு பெரிது. 2000த்தின் பின் வந்த விதிகள், ஒவ்வொரு குழாய்க்கும் எவ்வெவ் ஆபத்துகள் உண்டென்று ஆராய்ந்து அவற்றுக்கேற்ற சோதனையைத் தெரிவு செய்யுமாறு கம்பனிகளைப் பணித்தன. ஒட்டில்லாத குழாயில் ஒட்டுக்குறை எப்படி இருக்கும்? ஆகவே ஒட்டைத் தேடும் சோதனை எதுவும் வேண்டப்படவில்லை. குழாயின் அமைப்பு பன்றியை உட்செலுத்த இடமளிக்கவுமில்லை. வெளித்துருவைத் தேடும் முறையையே தெரிந்து, மண்ணின்மேல் நடந்து, மின்னளந்து, கம்பனி திருப்தியடைந்தது. செய்த சோதனையிற் பிழையில்லை. இல்லாத நோயைத் தேடி, நோயில்லை என்று எழுதினர்.

பின்னர் அரசு, உங்கள் குழாய்கள் எவையென்று ஆவணங்களாற் காட்டுங்கள் என்று கட்டளையிட்டது. ‘பசு மாளிகை’ என்று பொருள்படும் பெயருடைய, கால்நடைக் கண்காட்சிகள் நடக்கும் ஒரு பெரு மண்டபத்தைக் கம்பனி வாடகைக்கெடுத்து, களஞ்சியங்களிலிருந்த காகிதப் பெட்டிகளைக் கொண்டுவந்து அடுக்கி, இரவுபகலாகத் தேடிற்று. 2011இல் நடந்தது இது. மண்ணுள் என்ன இருக்கின்றது என்பதை அறிய மண்ணை விடுத்துக் காகிதத்தைத் தோண்டிய காட்சி அது. 2016இற் சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றத்து யூரர் அக்கம்பனியைக் குழாய்ப் பாதுகாப்புச் சட்டத்தை மீறிய ஐந்து குற்றங்களிலும், விசாரணைக்கு இடையூறு செய்த ஒரு குற்றத்திலும் குற்றவாளியெனக் கண்டனர். பழைய குழாய்களுக்கிருந்த விலக்கைக் குறுக்கும் விதிகள் 2019இல் வெளியாயின; அவற்றை நிறைவேற்ற 2035 வரை அவகாசமுண்டு.

‘ஒட்டில்லாதது’ என்ற அச்சொல்லை முதன்முதலில் எழுதியவர் யாரென்று எவருக்கும் தெரியாது. ஒரு மாலைப்பொழுதில், வீடு செல்லும் அவசரத்தில், படிவத்தின் வெற்றிடத்தை நிரப்பிய எழுதுவினைஞராக இருக்கலாம். அவரை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அவரை எனக்குத் தெரியும் என்றே தோன்றும்.

நாற்பதாண்டுகளுக்கு முன், பட்டம் பெற்ற புதிதில், மேல்மாகாணத்திலிருந்த ஒரு தொழிற்சாலையிற் பயிலுநர் பொறியியலாளராக இருந்தேன். அதன் பெயர் இங்கு வேண்டியதில்லை. தாங்கியிலிருந்து கொதிகலன் மண்டபத்துக்கு டீசல் கொண்டுசெல்லும் ஆறங்குலக் குழாயின் சுவர்த்தடிப்பை ஆண்டுக்கொருமுறை அளந்து பதிவேட்டில் எழுதுவது பயிலுநரின் கடமை. கழியொலிமானியை ஒவ்வொரு குறித்த இடத்திலும் மேல், கீழ், இருபக்கம் என நான்கு முறை வைக்கவேண்டும். மொத்தம் 22 இடங்கள். 17ஆம் இடம் கழிவுநீர் வாய்க்காலின் மேலே தொங்கிற்று. குழாய் அவ்விடத்தில் சற்றுத் தாழ்ந்துமிருந்தது. அதை எட்டுவதற்குச் சாரம் கட்டவேண்டும். மழைக்காலம், வெள்ளிக்கிழமை, யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் இரவு வண்டிக்கு எனக்கு இடம் பதிவாகியிருந்தது.

முந்திய ஆண்டு 17ஆம் இடத்தின் அடிப்புற அளவு 6.6 மில்லிமீற்றர் என்றிருந்தது. நான் 6.5 என்று எழுதினேன். அப்படியே பிரதி செய்யாமல் ஒரு தசமம் குறைத்ததில்தான் என் கல்வி பயன்பட்டது.

திங்கட்கிழமை காலை போமன் என்னை அழைத்தார். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர். ஏழாம் வகுப்போடு பள்ளியைவிட்டு வந்து, கையாற் தொட்டே உலோகத்தைப் படித்தவர். சாரத்துக்குப் பலகையும் கயிறும் கொடுப்பவரும் அவரே. அவ்வாரம் எவரும் அவரிடம் பலகை கேட்டிருக்கவில்லை. பதிவேட்டை என் முன்னே விரித்துவைத்து, “தம்பி, பதினேழாம் இலக்கத்தை அளந்தனீரோ, எழுதினனீரோ?” என்று கேட்டார்.

நான், “எழுதினனான், ஐயா” என்றேன். பொய் சொல்லுமளவுக்கு எனக்கு நேரம் கிடைக்கவில்லை என்பதே உண்மை.

அவர் ஏசவில்லை. இரு தொழிலாளரை அழைத்துச் சாரம் கட்டுவித்தார். மழையில் நனைந்தவாறு நானே ஏறி, வண்ணப்பூச்சைச் சுரண்டி, மானியை அடிப்புறத்தில் வைத்தேன். 2.9 என்று காட்டிற்று. கருவியிற் பிழையென்று எண்ணி மாதிரிக்கட்டையில் வைத்துச் சரிபார்த்தேன், பிழையில்லை. சற்றுத் தள்ளி வைத்தேன், 3.1. பக்கங்களிலும் மேலேயும் 6.8, 6.9. டீசலோடு வந்த நீர் தாழ்ந்த இடத்திற் படிந்து அடிப்புறத்தை உள்ளிருந்தே அரித்துக்கொண்டிருந்தது. ஓராண்டில் 6.6 எவ்வாறு 2.9 ஆயிற்று என்று நான் வியந்தேன். போமன் முந்திய ஆண்டுகளின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்: 6.6, 6.7, 6.8, 6.9. ஒவ்வோர் ஆண்டும் வேறு கையெழுத்து. ஒவ்வோர் ஆண்டும் ஒரு தசமம்.

பல ஆண்டுகளுக்குப் பின், 2000 ஓகஸ்ற்றில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் கார்ல்ஸ்பாட் நகரருகே வாயுக் குழாயொன்று வெடித்துப் பெகோஸ் ஆற்றங்கரையிற் கூடாரமடித்திருந்த பன்னிருவர் இறந்த விபத்தின் அறிக்கையை வாசித்தேன். அங்கும் தாழ்ந்த இடத்திற் தேங்கிய நீரே குழாயை உள்ளிருந்து அரித்திருந்தது. அறிக்கையை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் இருந்தேன். எமது குழாயின் கீழே அவ்வாய்க்காலோரத்தில் மதியவேளைகளில் உணவுப் பொதிகளை அவிழ்த்துவைத்து உண்ணும் பெண் தொழிலாளர் எத்தனைபேர் என்று எண்ணிப் பார்க்க முயன்றேன்.

அன்று சாரத்திலிருந்து இறங்கிவந்து, பதிவேட்டிலிருந்த 6.5ஐ அழிப்பதற்காக அழிறப்பரைத் தேடினேன். போமன் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அழிக்கப்படாது. குறுக்கே ஒரு கோடு போடும். பக்கத்தில் சரியானதை எழுதும். கையெழுத்து வையும், திகதி போடும். பழையது வாசிக்கக்கூடியதாக இருக்கோணும்.”

அவ்வாறே செய்தேன். அவ்வாரத்திலேயே அத்துண்டு வெட்டியகற்றப்பட்டுப் புதியது பொருத்தப்பட்டது. தொழிற்சாலை பின்னர் கைமாறிற்று. பதிவேடு எங்கே போயிற்றோ தெரியாது. எங்கேனும் ஓர் அலுமாரியில் அது இருக்குமாயின், 17ஆம் இடத்துக்கு நேரே என் கையெழுத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்றின் குறுக்கே கோடு போட்டிருக்கும், ஆயினும் வாசிக்கலாம்.